பிஸ்கட் தகரக் கிரீடம்

மேடையில் யாராவது தடுமாறினால் எனக்கு இன்றைக்கும் உடனே கூடச் சேர்ந்து தடுமாறத் தோன்றும். அண்மையில் ஒரு கல்யாணத்தில் வாழ்த்துச் சொல்ல எழுந்த உறவினர் ஒருவர் மாப்பிள்ளையின் பெயரை மறந்துபோய் மைக்கைப் பிடித்துக்கொண்டு விழித்தார். முன்வரிசையில் இருந்த நான் என்னையறியாமல் எழுந்து, "எனக்கும் மறந்து போச்சு, யாராச்சும் சொல்லுங்க லா" என்று சொல்லிவிட்டேன். மண்டபமே சிரித்தது. அந்த மனிதருக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு பெயரும் வந்தது. என் மனைவி மட்டும் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, "பாஸ் இன்னும் உங்கள விட்டுப் போகலயா?" என்று கேட்டாள்.

பாஸ் என்றதும் நான் வேலை பார்த்த இடத்து மேலதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்து, ரயில்வே பட்டறையிலேயே இரும்பு அடிக்கப் போனவர் அவர். எதிரே வருகிற எல்லாரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார். ஸ்டேஷன் மாஸ்டரும் பாஸ், பால்காரரும் பாஸ், தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் பாஸ். ஊருக்கெல்லாம் அவர் கொடுத்த பெயர் கடைசியில் அவர் மேலேயே வந்து ஒட்டிக்கொண்டது. அவருடைய கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தபோது, இது யார் கல்யாணம் என்று வீட்டில் கேட்டவன் நான்.

எழுபதுகளில் நாங்கள் ஐந்து பேர் 'ரயிலடி ராஜாக்கள்' என்று ஒரு குழு வைத்திருந்தோம். பாஸ் பாடுவார், வேஷம் கட்டுவார், கதை ஜோடிப்பார். அவருக்கு அடுத்த தம்பி செல்வம். பாசார் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் லோரியை ஓட்டிக்கொண்டிருந்தவர், எங்களுக்கு டிரம்ஸ். கடைசித் தம்பி குட்டி. பெயர்தான் குட்டி, ஆள் வாசற்படியில் குனிந்து வருகிற உயரம். ஆனால் குரல் பெண்குரல், அதனால் எங்கள் கதாநாயகி அவன்தான். கித்தார் வாசித்த தேவா யாழ்ப்பாணத்துக் குடும்பம், பள்ளிக்கூட வாத்தியார். அக்கார்டியன் நான். பகலில் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துவேன்.

பாதி பாட்டு, பாதி கூத்து, அதுதான் எங்கள் நிகழ்ச்சி. ராஜா வேஷத்தில் பாஸ் உருகி உருகிப் பாடிக்கொண்டிருக்கும்போதே அரண்மனைத் தண்ணீருக்குக் காசு கட்டவில்லை என்று செல்வம் வந்து குழாயைப் பூட்டிவிட்டுப் போவார். புடவை கட்டிய குட்டி, ராணியாக, பாடிக்கொண்டே வாளியோடு சபைக்குள் இறங்கித் தண்ணீர் கேட்பான். பாட்டு மட்டும் நிற்காது. பாட்டு நின்றால் அது சண்டை, நிற்காவிட்டால்தான் காமெடி என்பார் பாஸ்.

பந்திங் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் திருவிழாவில் எங்கள் முதல் மேடை. ராணியாக வந்த குட்டி ஒரு சுற்றுச் சுற்றியதும் தலையிலிருந்த பொய்முடி கழன்று விழுந்தது. முன்னால் இருந்த சனம் கைகொட்டிச் சிரித்தது. குட்டிக்கு அப்போது மீசை முளைக்கிற வயது. முகம் கோணிக்கொண்டு அழுகை வரப் பார்த்தது. பாஸ் பாடிக்கொண்டே தன் ஒட்டு மீசையைப் பிய்த்துக் கீழே போட்டார். செல்வத்தைப் பார்த்துத் தலையசைத்தார். செல்வம் தலைப்பாகையைக் கழற்றி வீசினார். தேவா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்றும் தெரியாமல் வாசித்தார். கழற்ற ஒன்றும் இல்லாத நான் செருப்பைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டேன். சனம் எழுந்து நின்று சிரித்தது. ஆனால் இப்போது அது குட்டியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை. குட்டிக்கும் அது புரிந்தது, இன்னொரு சுற்றுச் சுற்றினான்.

அன்றைக்குப் பிறந்த சட்டம்தான் எங்கள் குழுவின் ஒரே சட்டம். மேடையில் ஒருவன் தப்புப் பண்ணினால் மற்ற நாலு பேரும் அதே தப்பை உடனே பண்ண வேண்டும். ஒருவன் வரியை மறந்தால் எல்லாரும் மறக்க வேண்டும். ஒருவன் தும்மினால் எல்லாரும் தாளத்தில் தும்ம வேண்டும். தனியாக யாரும் விழக்கூடாது.

இதோடு சட்டம் முடியவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் இரண்டாம் பாதி ஆரம்பமாகும். ராஜா வேஷத்துக்காகப் பட்டறையில் பெரிய பிஸ்கட் தகரம் ஒன்றை வெட்டி, பாஸ் ஒரு கிரீடம் செய்திருந்தார். உள்பக்கம் பிஸ்கட் படம் அப்படியே இருக்கும், வெளியே தங்கக் காகிதம். நிகழ்ச்சி முடிந்து பிரிக்பீல்ட்ஸ் வந்ததும் ஸ்டேஷன் பக்கத்துச் சாலையோர ஒட்டுக்கடையில் உட்காருவோம். தேநீர், எங்கள் வாயில் அது தே, வருவதற்கு முன்னால் பாஸ் கிரீடத்தை மேசையில் வைத்து, "இன்னிக்கு யாரு?" என்று கேட்பார். தப்புப் பண்ணினவனுக்கு, என்ன தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லி, கிரீடத்தைத் தலையில் வைப்போம். எழுந்து போகிற வரைக்கும் அவன் அதைக் கழற்றக்கூடாது. ரொட்டி சானாய் தின்பதும் அந்தக் கோலத்தில்தான். பக்கத்து மேசைக்காரர்கள் என்னவென்று கேட்டால் பாஸுக்குக் கொண்டாட்டம். அவன் எந்த வரியில் எப்படிச் சறுக்கினான் என்று பாடியே காட்டுவார்.

என் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் என் அக்கார்டியனின் துருத்தி கிழிந்து, பாட்டுக்கு நடுவே இளைப்பு நோய்க்காரன் மாதிரி இழுத்தது. ஐந்து பேரும் இளைத்தோம், சபை விழுந்து விழுந்து சிரித்தது. அதெல்லாம் சரி. அதன் பிறகு ஒட்டுக்கடையில் நான் கிரீடத்தோடு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று விசாரிக்கக் கிள்ளானிலிருந்து வந்திருந்த பெண்ணின் சித்தப்பா நேரே என் முன்னால் வந்து நின்றார். நான் கிரீடத்தைக் கழற்றப் போனேன். பாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பாவை உட்கார வைத்து, என் பெட்டி எப்படி இளைத்தது என்று முழுவதையும் நடித்துக் காட்டினார். பையன் குடிக்கிறானா என்று விசாரிக்க வந்தவர், கிளாஸ் கிளாஸாகத் தே குடித்துவிட்டுப் போனார். தப்பை ஒத்துக்கொள்கிற பையன் என்று வீட்டில் போய்ச் சொன்னாராம். என் கல்யாணம் அந்தத் தகரத்தால் நடந்தது என்று மனைவி இன்னமும் குத்திக் காட்டுவாள்.

இப்படிச் சொல்வதால் பாஸ் எப்போதும் சிரித்துக்கொண்டே இருந்தார் என்று எண்ண வேண்டாம். பிடித்த பிடியை விடாத மனிதர். சில சமயம் அது பெரிய தொல்லை. போர்ட் கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். லோரியை ஓட்டிய செல்வம் ஒரு டேவான் மண்டபத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வாழை மரம் இருந்தது, பந்தல் இருந்தது, இறங்கி வாசிக்க ஆரம்பித்துவிட்டோம். மூன்றாவது பாட்டில்தான் தேவா மணமேடைக்குப் பின்னால் ஒட்டியிருந்த பெயர்களைப் படித்தார். எங்களை அழைத்த கல்யாணம் அது இல்லை. அங்கே எங்களை யாரும் அழைக்கவே இல்லை, யாரோ அன்பளிப்பாக அனுப்பியது என்று பெண்வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். செல்வத்துக்கு முகம் செத்துவிட்டது. மூட்டையைக் கட்டலாம் என்றேன். பாஸ் கேட்கவில்லை. செல்வம் தப்பான வாசலில் இறக்கினால் அது ஐந்து பேருக்கும் தப்பான வாசல், ஆரம்பித்ததை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். முழு நிகழ்ச்சியும் வாசித்து, அவர்கள் வீட்டுச் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு, சரியான டேவானுக்குப் போனபோது அங்கே பந்தி முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் எங்களைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் சுடுகிறது. பாஸ் அவர் முன்னால் போய் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, சுருட்டிய பாயை விரிக்கச் சொல்லி, தப்பான கல்யாணத்துக்குப் போன ஒரு பாட்டுக் குழுவின் கதையை அங்கேயே நாடகமாகப் போட்டார். எங்கள் நிகழ்ச்சிகளில் அதுதான் பிறகு அதிகமாகக் கேட்கப்பட்டது.

எண்பதுகள் பிறந்து சில காலம் கழித்து பாஸின் சுருதி விலக ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்தவன் குட்டி. இரண்டாவது சரணத்துக்குப் போகும்போது அண்ணன் அரைக்கட்டை ஏறிவிடுகிறார் என்றான். பிறகு நானும் கேட்டேன். பட்டறையில் ஆயுசில் பாதியை இரும்புச் சத்தத்துக்குக் கொடுத்தவர். பேசும்போது இடது காதைக் கொண்டுவந்து கொடுப்பார். அப்போதெல்லாம் அதை அவருடைய குறும்பு என்றுதான் நினைத்தோம். ஆனால் சுருதி குறும்பு பண்ணாது.

மேடையில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் அவரே பழக்கி வைத்திருந்தாரே. அவர் ஏறினால் தேவாவின் விரல் அடுத்த கட்டத்துக்கு நகரும். குட்டி ஏறிக்கொள்வான். நான் எல்லாப் பாட்டையும் அரைக்கட்டை தள்ளிக் கறுப்புக் கட்டைகளில் வாசிக்கப் புதிதாகப் பழகினேன். தபால் அலுவலக மேசையில்கூட என் விரல்கள் அதைத்தான் தட்டிக்கொண்டிருக்கும். ஐந்து பேரும் சேர்ந்து ஏறுவதால் கேட்கிறவர்களுக்குப் பாட்டு சூடு பிடிப்பதாகத் தோன்றியது. அவருக்கோ எல்லாம் சரியாகவே கேட்டது. நாங்கள்தான் அவர் நின்ற இடத்துக்குப் போய்விடுகிறோமே.

சட்டத்தின் முதல் பாதியை இப்படி ஒழுங்காகக் காப்பாற்றினோம். இரண்டாம் பாதிக்கு ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஒட்டுக்கடையில் அவர், "இன்னிக்கு யாரு?" என்று கேட்டால், எங்களுக்குள் ஒருவன் செய்யாத தப்பைச் செய்ததாகச் சொல்லிக் கிரீடத்தை வாங்கிப் போட்டுக்கொள்வான். பெரும்பாலும் குட்டி. காது போன பாடகனை எந்தக் குழு வைத்துக்கொள்ளும் என்ற கேள்வி எங்கள் எல்லார் மனதிலும் இருந்தது. சொன்ன மறுநாளே அவர் தானாக ஒதுங்கிப் போய்விடுவார் என்று பயந்தோம். பாஸ் இல்லாத ரயிலடி ராஜாக்களை எங்களில் ஒருவராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் தேயை ஆற்றிக்கொண்டே அவர் பெருமையோடு சொன்னார், "பாத்தீங்களா, இப்பல்லாம் நான் தப்பே பண்றதில்ல." குட்டி கிரீடத்தோடு எழுந்து கை கழுவப் போனான். போனவன் திரும்பி வர நேரமாயிற்று.

அந்தப் பொய் கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் உடைந்தது.

தாலி கட்டி முடிந்து, நாதஸ்வரக்காரர்கள் ஒரு பக்கம் இளைப்பாற, நாங்கள் மேடை ஏறினோம். பெண்ணின் தகப்பனாருக்கு ஓர் ஆசை, நாதஸ்வரமும் எங்கள் குழுவும் சேர்ந்து ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்று. நாதஸ்வரக்காரர் கிள்ளானில் எல்லாருக்கும் தெரிந்தவர், கோயிலில் வாசிப்பவர், பாஸின் வயதுதான் இருக்கும். மகிழ்ச்சியோடு வந்தார். அவருக்குப் பின்னால் சுருதிப் பெட்டி ஒரே இடத்தில் நின்று முனகிக்கொண்டிருந்தது. பல்லவி நன்றாகப் போயிற்று. சரணத்தில் பாஸ் ஏறினார். பழக்கம் எங்கள் விரல்களில் இருந்தது. நாங்கள் நாலு பேரும் யோசிக்காமல் அவரோடு ஏறிவிட்டோம்.

நாதஸ்வரம் மட்டும் பழைய இடத்தில் தனியாக நின்றது. அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார், சுருதிப் பெட்டியைப் பார்த்தார், உதட்டை இறுக்கிச் சமாளிக்கப் பார்த்தார். எப்படி வாசித்தாலும் அவர்தான் பிசகியது போலக் கேட்டது. முன்வரிசையில் யாரோ, "நாதஸ்வரம் அவுட் லா" என்றார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, சீவாளியைத் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் எங்களுக்குக் கைதட்டல். எனக்கு அந்தக் கைதட்டல் காதில் விழ விழக் கூசியது.

மேடைக்குப் பின்னால் அவர் வந்தார். கோபமாகக் கத்தவில்லை. பாஸிடம் ஏதோ கேட்டார். பாஸ் வழக்கம்போல் இடது காதைக் கொடுத்து, "என்ன பாஸ்?" என்றார். மறுபடி கேட்டார். பாஸ் மறுபடி, "என்ன பாஸ்?" என்றார். அவருக்கு விளங்கிவிட்டது. எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் தலைகள் குனிந்திருந்தன. பிறகு அவரே பாஸின் காதருகில் குனிந்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அண்ணே, நீங்க சுருதி விட்டுட்டீங்க. இவங்க எல்லாரும் உங்க கூடவே வந்துட்டாங்க. நான் மட்டும் சரியான இடத்துல நின்னேன். என் ஊர் சனம் என்னப் பாத்து சிரிச்சிருச்சு."

பாஸ் எங்களைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் முகத்தில் இருந்தது அவருக்குப் போதும். சாமான் பெட்டியைத் திறந்து பிஸ்கட் தகரக் கிரீடத்தை எடுத்தார், தன் தலையில் தானே வைத்துக்கொண்டார், மேடைக்குப் போனார்.

கிரீடத்தைப் பார்த்ததும் சபை சிரித்தது. அடுத்த காமெடி என்று நினைத்தார்கள். பாஸ் கையைத் தூக்கி, "இது காமெடி இல்ல" என்றார். மேடையில் அவர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

"இப்ப பாடின பாட்டுல தப்பு பண்ணது நானு. நாதஸ்வரக்கார அண்ணன் சரியா வாசிச்சாரு. சரியா வாசிச்ச ஆள நாங்க அஞ்சு பேரும் சேந்து தனியா நிக்க வச்சிட்டோம். அவர இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லி கேட்டுக்கிறேன். நான் வாயத் திறக்க மாட்டேன்."

நாதஸ்வரக்காரர் தயங்கித் தயங்கி மேடைக்கு வந்தார். அதே பாட்டைத் தனியாக வாசித்தார். பாஸ் கிரீடத்தோடு அவர் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவருடைய கன்னம் உப்பி அடங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு கேட்டதோ தெரியாது. முடிந்ததும் முதலில் கைதட்டியவர் அவர்தான்.

ஒட்டுக்கடையில் தே வந்து ஆறிப்போயிற்று. கிரீடம் அவர் தலையிலேயே இருந்தது. எப்போதிருந்து என்று கேட்டார். குட்டி பதில் சொல்ல வாயெடுத்து அழுதுவிட்டான். தேவாதான் அவருடைய காதுக்குக் கிட்டே போய், "சொல்லியிருக்கோணும். நாங்கள் பயந்திட்டம்" என்றார். சொன்னால் அவர் எங்களை விட்டுப் போய்விடுவாரோ என்றுதான் பயம் என்று நான் சேர்த்துச் சொன்னேன்.

பாஸ் கிரீடத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"மேடையில சேந்து விழுறது பாதி. கீழ வந்து மூஞ்சிக்கு நேரா சொல்றது மீதி. எனக்கு மட்டும் பாதிதான் செஞ்சீங்க." பிறகு எங்கள் முகங்களைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார், அல்லது தணித்துக்கொண்டதாக நினைத்தார். "பாட்டு போச்சு. சரி, போகட்டும். நான் எங்கயும் போறதா இல்ல. என்னயும் ஆள்ல சேத்துக்கணும்னா இனிமே எனக்கும் கிரீடம் வைக்கணும்."

வீட்டுக்கும் அவர் அதைக் கழற்றாமலே நடந்து போனார். தண்டவாளத்து ஓரமாகக் கிரீடம் வைத்த ஒரு மனிதர் விறுவிறுவென்று போனதைக் குடியிருப்பே பார்த்தது.

அதற்குப் பிறகுதான் பாஸின் பிடிவாதம் எப்படிப்பட்டது என்று எங்களுக்கு உண்மையில் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனார். சட்டைப் பையில் வைக்கிற காது மெஷின் ஒன்று கொடுத்தார்கள். பேச்சுக்கு உதவியது, பாட்டுக்கு உதவவில்லை. சுருதியெல்லாம் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி கேட்கிறது என்றார். பாடுவதை விட்டார். மேடையை விடவில்லை. பாடாத பாடகன் என்று ஒரு வேஷத்தை உண்டாக்கினார். ராஜா உடையில் முன்னால் நின்று அவர் வாயசைப்பார், திரைக்குப் பின்னால் குட்டி பாடுவான். ராஜாவின் அகல மார்பிலிருந்து பெண்குரல் வரும். அதைக் கேட்டு ராஜாவே திடுக்கிடுவார், தொண்டையைத் தடவுவார், மந்திரியைச் சந்தேகப்படுவார். சொல்வதற்கு எளிது. ஆனால் கேட்காத பாட்டுக்கு இம்மி பிசகாமல் வாயசைக்க வேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி என் அக்கார்டியன். துருத்தி விரிந்தால் வரி தொடங்குகிறது, மூடினால் வரி முடிகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடியிருப்புத் திடலில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து என் துருத்தியை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். வேண்டாம் பாஸ், கை கழன்று விழுகிறது என்பேன். இன்னொரு தடவை என்பார். தப்பினால் நாங்கள் சொன்னோம். முதலில் தயங்கித் தயங்கி, பிறகு பழைய மாதிரி கேலியாகவே சொன்னோம். ஆனால் அது பயிற்சி. கிரீடம் மேடைத் தப்புக்கு மட்டும்தான்.

கிள்ளான் நாதஸ்வரக்காரர் ஒருநாள் தாம்பூலத் தட்டோடு பஸ்ஸில் பிரிக்பீல்ட்ஸ் வந்தார். அவர் மகளுக்குக் கல்யாணம். எங்கள் குழுதான் வந்து வாசிக்க வேண்டும் என்றார். பாஸ் தட்டை வாங்கிக்கொண்டு அவர் கையை நெடுநேரம் விடவில்லை.

அந்தக் கல்யாணத்தில்தான் பாடாத பாடகன் முதலில் மேடை ஏறினான். அந்த மண்டபத்தில் பாதிப் பேர் அன்றைய சம்பவத்தையும் பார்த்தவர்கள். பாஸ் இங்கே சறுக்கினால் இனி அவர் மேடை ஏற மாட்டார் என்று எனக்குப் பட்டது. முதல் பாட்டில் அவர் ஒரு வரியும் தவறவில்லை. ராஜா வாயிலிருந்து பெண்குரல் வந்ததும் மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசையில் பெண்ணின் தகப்பனாராக உட்கார்ந்திருந்த நாதஸ்வரக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாஸ் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டார். அந்த மனிதர் சிரிப்பதைப் பார்ப்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். என் துருத்தியை மறந்துபோனார்.

வரி முடிந்து நான் துருத்தியை மூடினேன். குட்டி நிறுத்தினான். செல்வமும் தேவாவும் நிறுத்தினார்கள். பாஸ் மட்டும் நாதஸ்வரக்காரரைப் பார்த்தபடி, வாயை அகலத் திறந்து, கையை உயர்த்தி, ஒரு சத்தமும் இல்லாத மண்டபத்தில் பாடிக்கொண்டிருந்தார்.

அடுத்த கணமே நான் வாயைத் திறந்தேன். தேவா திறந்தார், செல்வம் குச்சிகளை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு திறந்தார், திரைக்குப் பின்னாலிருந்து குட்டி தலையை நீட்டி வாயைத் திறந்தான். ஐந்து பேரும் சத்தமில்லாமல் கையை ஆட்டி ஆட்டிப் பாடினோம். அப்போது முன்வரிசையில் நாதஸ்வரக்காரர் எழுந்தார். பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாக, சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் நடுவில், எங்களைப் பார்த்து வாயை அகலத் திறந்து கையை உயர்த்தினார். அவர் பக்கத்தில் இருந்தவர்களும் திறந்தார்கள். மணமேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் திறந்தார்கள். அந்த மண்டபத்தில் அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து பாடிய அந்தச் சத்தமில்லாத பாட்டுக்கு ஈடாக நான் எதையும் கேட்டதில்லை.

மாலை வெயிலில் ஒட்டுக்கடைக்கு வந்து சேர்ந்தோம். தே வருவதற்கு முன்னால் பாஸ் கிரீடத்தை மேசையில் வைத்து, "இன்னிக்கு யாரு?" என்றார். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் பார்வையில் ஒரு சோதனை இருந்தது. குட்டி ஒரு கணமும் யோசிக்கவில்லை. கிரீடத்தை எடுத்து அண்ணன் தலையில் வைத்து, உதடு தெரியும்படி அவருக்கு நேரே முகத்தைக் காட்டி, "நீங்கதான்ணே. பெட்டியப் பாக்காம நாதஸ்வரக்கார அண்ணனப் பாத்துக்கிட்டு நின்னீங்க" என்றான்.

உடனே பாஸ் ஒத்துக்கொண்டுவிடவில்லை. எல்லாரும் வாதாடுகிற மாதிரி அவரும் வாதாடினார். துருத்தி அசைந்தது, என் கண்ணால் பார்த்தேன் என்றார். அசையவே இல்லை என்று நான் சாட்சி சொன்னேன். செல்வமும் தேவாவும் சேர்ந்து அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். கடைசியில் கையை விரித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டு, கிரீடத்தைத் தலையில் அழுத்தி நேராக்கிக்கொண்டார்.

பக்கத்து மேசையில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், என்ன பாஸ், பிறந்தநாளா என்று கேட்டார். பாஸுக்குக் கேட்கவில்லை. குட்டி இடது காதில் திருப்பிச் சொன்னான். பாஸ் நாற்காலியோடு திரும்பினார். காது கேளாதவர்களுக்கு உரிய உரத்த குரலில், கடைக்காரருக்கும், பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்கும், எதிர்ப்பக்கம் ரயிலேறப் போனவர்களுக்கும் கேட்கும்படி, முகமெல்லாம் பெருமையாகச் சொன்னார்.

"இல்ல பாஸ். இன்னிக்கு நான் தப்பு பண்ணிட்டேன்."